குரக்கன் மாடு

நவமணி கரவெட்டிக்கு வாழ வந்தபோது கொண்டுவந்த பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இரண்டு சாமான்கள் கிடந்தன. ஒன்று, மட்டை கிழிந்த ஒரு படப்புத்தகம். மற்றது, அவளுடைய தகப்பன் ஞாயிற்றுப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட தெருவும் ஒழுங்கையுமாக ஆட்டித் திரிந்த சின்னப் பித்தளை மணி. தகப்பன் உடுவில் பக்கத்தில் மிஷனுக்கு உபதேசியாராக இருந்து நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனவர். தாய் அதற்கு முந்தியே போய்விட்டாள். சித்தப்பன் இராசசிங்கம் அவளை எப்போது கைகழுவலாம் என்று பார்த்திருந்த மனிதர். பெண்சாதியைப் பறிகொடுத்த ஒரு சைவக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தார்கள். சித்தப்பன், கர்த்தர் வழி காட்டிவிட்டார் என்று சொல்லி, காட்டிய வழியில் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கலியாணத்துக்கு முதல் நாள் கோயில் வாசலில் வைத்து நெற்றியில் திருநீறு பூசினார்கள். றேச்சல் நவமணி என்ற பெயரில் முன்பாதியைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

மாப்பிள்ளை பஞ்சலிங்கத்துக்கு மாத்தறையில் சுருட்டுக் கடை. வருடத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வருவார், போவார். கெட்ட மனிதர் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். கெட்டவர் இல்லை என்று பெயரெடுத்தவர்களால் நடக்கிற கேட்டை ஊர் ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது வேறு கதை.

நவமணி வந்து ஏறிய வீடு பஞ்சலிங்கத்தின் வீடு அல்ல. செத்துப்போன முதல் மனைவியின் சீதன வீடு. அந்தச் சீதனத்தின் மறுபாதியில், அடுத்த வளவில், அவளுடைய தமக்கை மகாதேவி இருந்தாள். மகாதேவியின் புருஷன் மலாயாவுக்குப் போனவர் போனவர்தான். பிள்ளை குட்டி இல்லை. தங்கச்சி செத்ததும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் தன் மடியில்தான் விழும் என்று மகாதேவி பார்த்திருந்தாள். விழவில்லை. பஞ்சலிங்கம் கலியாணம் செய்துகொண்டு வந்துவிட்டார். அதுவும் ஒரு வேதக்காரியை, கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஆள் குனிந்து வரத்தக்க ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால் மகாதேவி நேரம் காலம் இல்லாமல் வந்து, அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். ஒரு சட்டி இடம் மாறியிருந்தால், "என்ரை தங்கச்சி இதை இஞ்சை வைக்கிறேல்லை" என்பாள். நவமணி அதை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள்.

மூத்தவள் குணலட்சுமிக்குத் தாயின் முகம் ஞாபகம் இருக்கிற வயது. நவமணியோடு அளந்துதான் கதைப்பாள். இளையவள் பத்மாவதிக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவளுடைய சிக்கல் வேறு. அந்தப் பிள்ளை சாப்பிடாது. வாய்க்குள் சோற்றை வைத்தால் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்காக இருக்கும். கையும் காலும் குச்சி குச்சியாய், வயிறு ஒட்டி, பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பகீரென்னும். பெரியம்மாக்காரி அடித்து, வாயில் ஊட்டித் தீத்திப் பார்த்தாள். பரியாரியார் குளிகை கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நவமணி ஒரு நாள் பெட்டியைத் திறந்து அந்தப் படப்புத்தகத்தை எடுத்தாள். இங்கிலீசுப் புத்தகம். எழுத்துக் கொஞ்சம், படம் பெரிது. கழுத்து மணியைத் தொலைத்துவிட்ட ஒரு சிவத்த மாடு அதைத் தேடிப் போகிறது. பூனையிடம் கேட்கிறது, ஆட்டிடம் கேட்கிறது, யானையிடம் கேட்கிறது. ஒருவருக்கும் தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஒரு கோழி அந்த மணியை முட்டையென்று நினைத்து அடைகாத்துக்கொண்டிருக்கிறது. நவமணி ஒவ்வொரு மிருகத்தையும் கரவெட்டித் தமிழில் கதைக்க வைத்தாள். யானை கோயில் ஐயரைப் போலக் கதைத்தது. பக்கத்துக்கு ஒரு வாய். கடைசிப் பக்கத்தில் தகப்பனின் மணியை எடுத்து ஆட்டினாள். சின்னவள் வாயைத் திறந்தபடி இருந்தாள், நவமணி அதற்குள் இன்னொரு வாயைத் தீத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த மாடுதான் பிள்ளையை வளர்த்தது. காலைப் பிட்டுக்கும் மாடு, மத்தியானச் சோற்றுக்கும் மாடு. பத்மாவின் கன்னத்தில் சதை வைத்தது. ஊரார் கண்டு அதிசயப்பட்டார்கள். மகாதேவியும் கண்டாள். தன்னால் முடியாதது ஒரு வேதக்காரியால் முடிந்துவிட்டதே என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த வருடம் ஆடிப்பிறப்பு வந்தது. அன்றைக்கு எந்த வீட்டு அடுப்பிலும் கூழும் கொழுக்கட்டையும்தான். நவமணி அரிசிமாவை வறுத்துக் கொதிநீர் விட்டுக் குழைத்து வைத்துவிட்டு, பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்து உள்ளீடு கிளறிக்கொண்டிருந்தாள். பத்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"சின்னம்மா, உவையளுக்கு ஆடிப்பிறப்பு இல்லையோ?" என்று படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இருக்கு. அவையளையும் இண்டைக்குப் பிடிப்பமோ?" என்றாள் நவமணி.

பிடித்தார்கள். பூனைக்கு வெள்ளை மா, எள்ளுக் கண். ஆட்டுக்குத் தாடி. கோழி எவ்வளவு முயன்றும் தேங்காயைப் போலவே இருந்தது. யானைக்குத் துதிக்கை நிற்கவில்லை, ஒட்ட ஒட்ட விழுந்தது. அதுவரைக்கும் தள்ளி நின்று பார்த்த குணலட்சுமி, "உப்பிடி இல்லை, ஈர்க்கு வைச்சுப் பிடிக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் நவமணியின் தோளோடு தோள் முட்டி இருந்தது அதுதான் முதல்தரம். நவமணி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

மாடு கடைசி. சிவத்த மாட்டுக்கு வெள்ளை மா சரிவராது என்று பத்மா அழுங்குப்பிடியாக நின்றாள். நவமணி யோசித்துவிட்டுக் குரக்கன் மாப் பானையை இறக்கினாள். குரக்கன் என்கிற கேழ்வரகு மா குழைத்தால் செம்மண் நிறம் வரும். கொம்பு, வால், மடி எல்லாம் வைத்து, வயிற்றுக்குள் நிறைய உள்ளீடும் வைத்து மூடி, கழுத்தில் தேங்காய்ச் சொட்டுத் துண்டு ஒன்றை மணியாகக் கட்டினார்கள். நீத்துப்பெட்டியில் வைத்து அவித்து இறக்கியபோது ஆவிக்குள் அது உயிரோடு நிற்கிற மாதிரித்தான் இருந்தது.

தலையைப் பத்மா தின்றாள். ஒருவரும் தீத்தவில்லை. கதை சொல்லவில்லை. தன் கையால் எடுத்துத் தன் வாயால் கடித்து, பனங்கட்டிப் பாகு நாடியில் வடிய வடியத் தின்றுவிட்டு, "இன்னும்" என்றாள். அந்தப் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நவமணி அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையில் முழுச் சந்தோஷமாக இருந்த பொழுது எது என்று கேட்டால் அது ஒன்றுதான். அதற்குத்தான் ஊர் பிறகு வட்டியும் முதலுமாக வாங்கியது.

அன்று பின்னேரம் பிள்ளையார் கோயிலில் பெண்சனம் கூடியிருந்தது. யாரோ ஒரு மனுசி பத்மாவின் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி பிள்ளை, கொழுத்துப் போனாய். இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டாள்.

"மாடு," என்றாள் பத்மா. "சின்னம்மா மாடு தந்தவ. நான் தலையைத் திண்டனான். அக்கா காலைத் திண்டவ. கடிக்க உள்ளுக்கிருந்து வடிஞ்சது."

கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். அன்றைக்குக் கொழுக்கட்டை நாள், பிள்ளை என்ன சொல்லுகிறது என்று விளங்காத மண்டுகள் அங்கே ஒருவரும் இல்லை. மகாதேவி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த அருச்சனைத் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "பிள்ளையாரப்பா, என்ரை தங்கச்சி பெத்த பிள்ளையளுக்கு இந்தக் கதியோ" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். சிரித்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவளை ஆற்றுவதற்கு ஒருத்தி போனாள், பிறகு இன்னொருத்தி. ஆற்றப் போனவர்கள் எல்லோரும் எதற்காக ஆற்றுகிறோம் என்று ஒரு காரணம் வைத்திருக்கத்தானே வேண்டும்.

அடுத்த கிழமைக்குள் கதை நெல்லியடிச் சந்தி வரைக்கும் போய்விட்டது. வேதக்காரி குணத்தைக் காட்டிவிட்டாள், பஞ்சலிங்கத்தின் பிள்ளைகளுக்கு மாடு தீத்திவிட்டாள். மாவில் செய்த மாடு என்று யாராவது சொன்னால், "ஓம் ஓம், மாதான், ஆனாலும்" என்பார்கள். அந்த 'ஆனாலும்' ஒன்று போதும். கோயில்காரர் ஆள் அனுப்பி, இந்த முறை திருவிழாவில் பஞ்சலிங்கம் தன் செலவில் செய்கிற உபயத்தை எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

மகாதேவி பெரியவர்களுக்குக் கதை பரப்பியதோடு நிற்கவில்லை. பத்மாவைப் பொட்டுக்குள்ளால் தன் வளவுக்குக் கூட்டிப்போய், உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தியெடுக்க வைத்தாள். வந்ததைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வெளியிலை வரேல்லை" என்றாள்.

"என்ன பெரியம்மா வரேல்லை?"

"நீ திண்ட மாடு. அது உன்ரை வயித்துக்குள்ளை நிக்குது. உவள் தீத்துற ஒவ்வொரு வாயையும் அதுதான் திண்டு வளருது. வளர்ந்து கொம்பு முளைச்சால் குத்திக் கிழிச்சுக்கொண்டுதான் வெளியிலை வரும்."

பத்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. நவமணி புத்தகத்தை எடுத்ததும் அலறிக்கொண்டு ஓடினாள். வெறும் வயிறு பசியில் உறுமும். உறுமினால், "மாடு கத்துது, மாடு கத்துது" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருளுவாள். சாப்பிடாதபடியால் உறுமியது, உறுமியபடியால் சாப்பிடவில்லை. நவமணி குரக்கன் மாவைக் குழைத்து, "இஞ்சை பார் குஞ்சு, இது மா, வெறும் மா" என்று கண்ணுக்கு முன்னால் காட்டினாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. வைத்த சதையெல்லாம் சில நாளில் கரைந்து, பழைய குச்சிக் கைகள் வெளியே வந்தன.

பஞ்சலிங்கம் மாத்தறையிலிருந்து வந்து இறங்கியது உபயம் போன கவலையோடு. பிள்ளையைப் பார்த்த பிறகு இரண்டு கவலை. மகாதேவி, கனகரத்தினம் சட்டம்பியாரைக் கூட்டிவந்தாள். சட்டம்பியார் சைவப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். ஊரில் ஒரு வழக்கென்றால் அவரில்லாமல் தீராது. அவர் வந்தால் தீருமென்றும் இல்லை, ஆனால் நன்றாகப் பேசுவார். மண்டபத்துக் கதிரையில் இருந்து, சால்வையை மடியில் போட்டுக்கொண்டு, இனிமையாகத்தான் கேட்டார்.

"பிள்ளை நவமணி, பயப்பிடாதையும். கேட்டதுக்கு மட்டும் சொல்லும். நீர் குடுத்தது என்ன?"

"மா, சட்டம்பியார்."

"செந்தமிழிலை மா எண்டாலும் விலங்குதான் பிள்ளை," என்றார் அவர். பஞ்சலிங்கமும் சிரித்தார். நவமணி நிலத்தைப் பார்த்தாள்.

"சரி, அது போகட்டும். நீர் அதைப் பிள்ளையளுக்கு என்னெண்டு சொல்லிக் குடுத்தனீர்?"

"மாடு எண்டு. விளையாட்டுக்கு. ஆனால் அது மாதானே. மாவை மாடெண்டு சொன்னால் மாடாகுமோ?"

சட்டம்பியார் இதற்குத்தான் காத்திருந்தார். முன்னுக்குச் சாய்ந்தார்.

"அப்ப எங்கடை கோயிலிலை இருக்கிறது கல்லோ, சாமியோ?"

நவமணிக்குப் பொறி விளங்கிவிட்டது. பொல்லாத பொறி. கல் என்றால் வேதக்காரி, பூசின திருநீறு பொய். சாமி என்றால், நினைப்பால் கல் சாமியாகிறது, நினைப்பால் மா மாடாகிறது. இந்த ஊரில் பிறந்த ஒருத்தியிடம் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

"சாமி," என்றாள்.

"அப்ப அது மாடு," என்றார் சட்டம்பியார். வென்ற சந்தோஷத்தில் தேத்தண்ணி கேட்டார்.

பஞ்சலிங்கம் மூத்தவளைக் கூப்பிட்டார். "குணம், நீயும் திண்டனிதானே. அது என்ன பிள்ளை?"

குணலட்சுமியின் காதில் புதிதாக ஒரு சோடி சிமிக்கி ஆடியது. செத்துப்போன தாயினுடையது. மகாதேவி அதை இத்தனை நாளும் தன் பெட்டிக்குள் வைத்திருந்து, அன்று காலையில்தான் போட்டுவிட்டிருந்தாள். குணம் பெரியம்மாவைப் பார்த்தாள். ஈர்க்கு வைத்து யானைக்குத் துதிக்கை பிடித்தவள் அவள்தான்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

நவமணிக்குச் சட்டம்பியாரின் கேள்வி வலித்ததைவிட இது வலித்தது. அவள் அழுதாள், மறைக்கவுமில்லை.

பஞ்சலிங்கத்துக்கு அழுகிற ஆட்களைக் கண்டால் கையும் ஓடாது காலும் ஓடாது. "இஞ்சை பார்," என்றார் கடைசியில். "எனக்கு உந்த ஞாயம் ஒண்டும் வேண்டாம். பிள்ளை உன்ரை கையாலை ஒரு வாய் சாப்பிடட்டும். நீ இரு. நான் கோயில்காரரோடை கதைக்கிறன். இல்லையெண்டால் பிள்ளையள் மச்சாளோடை போகட்டும். செத்தவளின்ரை வீட்டைப் பூட்டுவம். நீ உடுவிலுக்குப் போ."

அதில் நியாயம் இருக்கிறதாக அவருக்குத் தோன்றியது. மகாதேவியும் தலையாட்டினாள். பிள்ளை வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நவமணி பாற்கஞ்சி வைத்தாள். பத்மாவை வெளிவிறாந்தைக்குத் தூக்கி வந்து மடியில் வைத்தாள். தூக்கப் பாரமே இல்லை. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். கரண்டியைக் கிட்டக் கொண்டுபோக, பிள்ளை பல்லைக் கிட்டிக்கொண்டது. கண் மட்டும் கரண்டியைப் பார்த்தது. பசி அந்தக் கண்ணில் அப்படியே தெரிந்தது. வயிறு உறுமியது.

"அது கேக்குது சின்னம்மா," என்றாள் பத்மா, வாயைத் திறக்காமலே, பல்லுக்குள்ளால். "அதுக்குக் குடாதைங்கோ."

நவமணி கரண்டியைக் கீழே வைத்தாள். மா என்று சொல்லிச் சொல்லி அவள் களைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், அதுவரைக்கும் இந்தப் பிள்ளை இருக்காது. மாடு இல்லை என்று பிள்ளையை நம்ப வைக்க இனி ஒருவராலும் முடியாது. மாடு போய்விட்டது என்று வேண்டுமானால் நம்ப வைக்கலாம். ஆனால் போகிற மாடு யாரோடாவது போகவேண்டும்.

"ஓம் குஞ்சு," என்றாள், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "மாடு உள்ளுக்கைதான் நிக்குது. நான்தான் விட்டனான். அதாலை நான் கூப்பிட்டால்தான் வரும்."

வாசலில் மகாதேவி சட்டம்பியாரைப் பார்த்தாள்.

நவமணி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மணியை எடுத்து வந்தாள். பிள்ளையின் வயிற்றில் ஒரு கையை வைத்துத் தடவி, "வா, வா, மணி கிடைச்சிட்டுது, வீட்டை போவம்" என்று புத்தகத்து மாட்டோடு கதைக்கிற அதே குரலில் கூப்பிட்டாள். கையைப் பொத்திக்கொண்டு மெல்லத் தூக்கினாள். மற்றக் கையால் மணியை ஒருதரம் ஆட்டினாள்.

"வந்திட்டுதோ?" என்று பத்மா கேட்டாள்.

"வந்திட்டுது. ஆனால் நான் இஞ்சை நிண்டால் அதுவும் நிக்கும். நான் கூட்டிக்கொண்டு போறன். மணிச்சத்தம் கேக்காமல் போனால், அது தூரப் போட்டுது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு நீ கஞ்சி குடிக்கவேணும். எல்லாத்தையும் குடிக்கவேணும்."

இந்தப் பகுதியில் எவரும் வீட்டை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். சாவீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் இறங்குவது. மற்றப்படிக்குப் பகையாளி வீடென்றாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவார்கள். நவமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி, பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "போறம்" என்றாள்.

ஒழுங்கை நெடுக மணியை ஆட்டிக்கொண்டு நடந்தாள். வேலிகளுக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. விசர் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். பாருங்கோ, தன்ரை வாயாலை ஒப்புக்கொண்டிட்டாள், மாட்டையும் கூட்டிக்கொண்டு போறாள் என்றார்கள் மற்றவர்கள். சந்தியில் யாழ்ப்பாண பஸ் வரும்வரைக்கும் அவள் அங்கேயே நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும் ஆட்டினாள். பஸ்காரன் வந்துதான் நிற்பாட்டச் சொன்னான்.

புத்தகம் மட்டும் கரவெட்டியில் தங்கிவிட்டது. மகாதேவி அதை அடுப்பில் வைத்தாள்.

உடுவிலில் சித்தப்பன் வீட்டார் நவமணியை உள்ளே எடுத்தார்கள். சமையலுக்கு ஆள் தேவையாக இருந்தது. சித்தப்பன் பெண்சாதி பியாட்றிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகவில்லை. சாம்பல் பூசிய நெற்றி கர்த்தருக்கு ஆகாதாம். போயிட்டு வரும்போது வயிறு பசிக்கும், அதனால் அவள் சமைத்து வைத்திருக்கவேண்டும். அங்கே வேதக்காரி, இங்கே சைவக்காரி. அப்படியே தலை நரைக்கத் தொடங்கிற்று. பஞ்சலிங்கம் ஒருமுறையும் வந்து பார்க்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை என்று அந்த ஊரில் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உலக யுத்தத்தால் சாமான் தட்டுப்பாடாயிருந்த காலத்தில், வெங்காயம் விற்கிற சின்னாச்சி என்றொருத்தி வடமராட்சிப் பக்கமிருந்து பெட்டியோடு வருவாள். நல்ல வாய்க்காரி. ஒரு நாள் பின்வளவில் குந்தியிருந்து வெங்காயத்தைச் சுளகில் அள்ளிப் போட்டபடி, கரவெட்டியில் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றிக் கதைத்தாள். பெண்ணின் பெயர் குணலட்சுமியாம். தங்கச்சி பத்மாவதி என்ற குமர்ப்பெண்தான் கலியாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தாளாம்.

"அவள் ஒரு கதை சொல்லுவாள் பிள்ளை, கேட்டால் உமக்கும் சிரிப்பு வரும். அவையின்ரை வீட்டிலை முந்தி ஒரு வேதக்காரி நிண்டவவாம். சின்னப் பிள்ளைக்கு மாடு தீத்திப் போட்டா. பிறகு ஊர் கலைக்க, மாட்டை வயித்துக்குள்ளாலை எடுத்துக்கொண்டு மணியை ஆட்டி ஆட்டிப் போனவவாம். தனக்கு அந்த மணிச்சத்தம் நல்லாக் கேட்டது எண்டு சத்தியம் பண்ணுறாள். உந்தப் பக்கத்து மனிசியாம். உமக்குத் தெரியுமோ?"

நவமணி சுளகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை இப்ப சாப்பிடுறாளோ?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது. ரண்டு பேர் சோறு தின்னுவாள். ஆள் தூண் மாதிரி நிக்கிறாள்." சின்னாச்சி இன்னும் ஒரு கை வெங்காயம் அள்ளினாள். "காணுமோ பிள்ளை, இன்னும் வேணுமோ?"

"காணும்," என்றாள் நவமணி.